மறதி நோயும் மருமகள் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் மறதி நோய் என்பதாகும். இது அறிவிக்கப்பட்டவுடன் சில தோழர்கள், "சுயமரியாதைக் கூட்டத்தில் வைத்தியப் பேச்சு எதற்கு? அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்டதாகத் தெரிகிறது. கேட்டது நியாயந்தான். ஆனால் நாம் இதை வெறும் வைத்திய விஷயமாகக் கருதவில்லை. ஒரு வியாதி வந்தால், அதில் வியாதியினால் வந்த துன்பம் எவ்வளவு, நமது மூடநம்பிக்கையினால் வந்த துன்பம் எவ்வளவு, நமது சமூகக் கட்டுப்பாட்டினால் வந்த துன்பம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் பகுத்தறிவாளன் வேலை. அப்படிப் பிரித்துப் பார்த்தால், இந்த நோயினால் வரும் துன்பம் ஒரு பங்கென்றால், இதைப் புரிந்துகொள்ளாததால் வரும் துன்பம் மற்றொரு பங்கு என்பதும், அந்த மற்றொரு பங்கு பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறதென்பதும் விளங்கும். முதல் பங்கை அடியோடு ஒழிக்க இன்றுவரை மருந்தில்லை. இரண்டாவது பங்கை ஒழிக்க மருந்தே வேண்டியதில்லை. புத்தியும் மனமும் இருந்தால் போதும். ஆதலால்தான் இது நமது மேடைக்கு உரிய விஷயம் என்கிறோம்.

தோழர்களே! நமது ஊர்களில் சாதாரணமாக நடப்பதைப் பாருங்கள். எழுபது வயதான ஒரு மாமியார். பன்னிரண்டு மணிக்கு மருமகள் சோறு போடுகிறாள், சாப்பிடுகிறார். ஒரு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை, இந்தப் பாவி எனக்குச் சோறு போட மாட்டேனென்கிறாள்" என்று அழுகிறார். கேட்டவர்கள் உள்ளே போய்ப் பானையைப் பார்ப்பதில்லை. தெருவில் தீர்ப்பாகிவிடுகிறது. மறுநாள் தம் சுருக்குப் பையை அரிசிக் குதிருக்குள் தாமே ஒளித்து வைத்துவிட்டு, "மருமகள் திருடிவிட்டாள்" என்கிறார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமானால், தாம் நாற்பது வருஷமாக வாழ்ந்த வீட்டிலேயே நின்றுகொண்டு, "என்னை என் வீட்டுக்குக் கொண்டுபோய் விடு" என்று வாசற்படிக்கு ஓடுகிறார். மகன் இரவு வருகிறான். பகல் முழுவதும் இல்லாதவன் அவன். ஆனாலும் விசாரணை செய்யும் அதிகாரம் அவனுக்குத்தான் இருக்கிறது. தாயின் கண்ணீரைப் பார்க்கிறான். பெண்சாதியை வைகிறான், சில வீடுகளில் கையும் நீளுகிறது.

இதற்கு நமது ஜனங்கள் சொல்லும் காரணங்கள் என்ன? ஒருவர், "மாமியார் குணம் அப்படித்தான்" என்பார். மற்றொருவர், "எல்லாம் நடிப்பு" என்பார். வேறொருவர், "காற்றுக் கருப்பு அண்டியிருக்கிறது" என்பார். ஜோசியர், "சனி பார்வை" என்பார். பூசாரி, "செய்வினை" என்பார். படித்தவர், "வயதானால் அறளை பெயருவது சகஜந்தானே" என்பார். கடைசியாக எல்லோரும் சேர்ந்து, "முன் ஜென்ம வினை, அனுபவித்துத் தீரவேண்டியதுதான்" என்பார்கள். இத்தனை பேர் இத்தனை காரணம் சொல்லியும், அந்த அம்மாளின் மூளைக்கு வியாதி வந்திருக்கலாமே என்று சொல்லுகிறவர் ஒருவர் கிடைப்பது அரிதாயிருக்கிறது. வயிற்றுக்கு வியாதி வரும், கண்ணுக்கு வியாதி வரும், மூளைக்கு மட்டும் பேய்தான் வரும் என்பது என்ன நியாயம்?

நிற்க. இந்த நோயைக் கண்டுபிடித்த சங்கதியைச் சற்றுச் சொல்லுகிறோம். 1901-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிராங்பர்ட் நகரின் மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஆகுஸ்ட் டேட்டர் என்ற 51 வயதுள்ள ஓர் அம்மாள் கொண்டுவரப்பட்டார். அவரிடத்தில் முதன்முதலாகத் தெரிந்த குறி என்ன தெரியுமா? தமது புருஷன்மீது காரணமில்லாத சந்தேகம். பிறகு மறதி; சமையல் வேலையில் தடுமாற்றம்; வீட்டுச் சாமான்களை அங்குமிங்கும் தூக்கிக்கொண்டுபோய் ஒளித்து வைப்பது; யாரோ தம்மைக் கொல்ல வருவதாகக் கூச்சலிடுவது. இவரைக் கவனித்து வந்த டாக்டரின் பெயர் அலோயிஸ் அல்சைமர். 1906-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்த அம்மாள் இறந்த பிறகு, அவரது மூளையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து ஆராய்ந்த டாக்டர், அந்த ஆண்டு நவம்பர் 3-ந் தேதி டூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர்கள் மகாநாட்டில், தாம் கண்டதை எடுத்துச் சொன்னார். 1910-ல் கிரெப்பலின் என்ற பெரிய மனநோய் வைத்தியர் தமது புத்தகத்தில் இதற்கு அல்சைமர் நோய் என்றே பெயர் வைத்தார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஜெர்மனியில் பிறந்து, நமது சனீஸ்வரனையும் செய்வினையையும் ஒருநாளும் கேள்விப்படாத ஒரு பெண்மணி செய்ததும், நமது ஊர் மாமியார் செய்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. சாமானை ஒளித்து வைப்பதும் ஒன்று. சொந்த வீட்டார்மீது சந்தேகப்படுவதும் ஒன்று. ஏன்? கெட்டுப்போனது இரண்டு இடத்திலும் ஒரே உறுப்பு. ஆகவே திருட்டுப் பட்டம் கட்டுவது மாமியாருடைய குணமுமல்ல, மருமகளுடைய குற்றமுமல்ல. அது இருமலைப்போல், காய்ச்சலைப்போல், நோயின் ஒரு குறி.

இனி மூளையில் என்ன நடக்கிறதென்று பார்ப்போம். மூளையிலுள்ள நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற ஒருவகைப் புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. அணுக்களுக்கு உள்ளே டௌ என்ற வேறொரு புரதம் நூல் சிக்கலைப்போல் முறுக்கிக்கொள்ளுகிறது. அணுக்கள் ஒன்றோடொன்று பேசும் தொடர்பு அறுந்து, நாளடைவில் அவை சாகின்றன, மூளையே சுருங்குகிறது. இந்த வேலை வெளியே ஒரு குறியும் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சத்தமில்லாமல் நடந்து வருகிறது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது, புதிதாக நடப்பதைப் பதிந்துகொள்ளும் பகுதியாகும்.

வியாபாரத் தோழர்களுக்கு விளங்கும்படி சொன்னால், பழைய பேரேடுகள் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் இன்றைய சிட்டை எழுதும் கணக்குப்பிள்ளை கைவிழுந்து போனான். அதனால்தான் அந்த அம்மாள் ஐம்பது வருஷத்துக்கு முந்திய கலியாணத்தில் யார் யார் வந்தார்கள் என்று சொல்லுவார். ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டதைச் சொல்லமாட்டார். சாப்பிட்டதை அவர் மறைக்கவில்லை. அது அவருடைய சிட்டையில் ஏறவேயில்லை. "சாப்பிடவில்லை" என்று அவர் சொல்லுவது பொய்யல்ல. அவர் அறிந்தமட்டில் அது சத்தியம். இதை மகன் தெரிந்துகொண்டால் பெண்சாதியை அடிப்பானா? மருமகள் தெரிந்துகொண்டால் மாமியாரை வெறுப்பாளா? தெரு தெரிந்துகொண்டால் தீர்ப்புச் சொல்லுமா? மூன்று பேருக்கும் கால் மணி நேரத்தில் விளக்கிவிடக்கூடிய ஒரு சங்கதி தெரியாததால் எத்தனை குடும்பங்கள் நாசமாகின்றன என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி நமது வேதாந்திகளுக்கு ஒரு கேள்வி. ஆத்மா என்று ஒன்று இருக்கிறது, அதற்கு அழிவில்லை, அது முன் ஜென்மத்தில் செய்ததை எல்லாம் சுமந்துகொண்டு இந்த ஜென்மத்தில் அனுபவிக்கிறது என்கிறீர்கள். நல்லது. முன் ஜென்மத்துப் பாவத்தைத் தவறாமல் ஞாபகம் வைத்திருக்கும் அந்த ஆத்மா, இன்று காலை இட்டிலி தின்றதை ஏன் ஞாபகம் வைத்திருக்கவில்லை? சுண்டுவிரல் அளவு மூளைப் பகுதி கெட்டால் பெற்ற மகளின் பெயர் மறந்து போகிறதென்றால், அறிவும் ஞாபகமும் எங்கே இருக்கின்றன? ஆத்மாவிலா, மூளையிலா? இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு பரிகாரத்துக்குப் பணம் கேட்கட்டும்.

பாவத்தின் சம்பளமாக இந்நோய் வருகிறதென்றால், இது யார் யாருக்கு வந்தது பாருங்கள். அமெரிக்காவுக்கு இரண்டு முறை ஜனாதிபதியாயிருந்த ரீகன் தமக்கு இந்நோய் இருப்பதாக 1994-ல் ஜனங்களுக்குத் தாமே கடிதம் எழுதித் தெரிவித்தார். நமது தேசத்தில் ராணுவ மந்திரியாயிருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் பல ஆண்டுகள் இந்நோயில் கிடந்து 2019-ல் இறந்தார். கண்ணாடி இழை வழியாக வெளிச்சத்தைக்கொண்டு செய்தி அனுப்பும் வித்தைக்கு அடிகோலிய விஞ்ஞானி சார்லஸ் காவ் என்பவருக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தபோது, அவரைப் இந்நோய் பிடித்திருந்தது. பரிசு பெற்றவர் செய்யவேண்டிய சொற்பொழிவை அவருக்குப் பதிலாக அவருடைய மனைவியார் செய்தார். தமது புருஷனுக்கு இருந்த வியாதியை அந்த அம்மாள் ஒளிக்கவில்லை; வெட்கப்படவுமில்லை; அவரைச் சபையில் உட்காரவைத்து மரியாதை செய்தார். நாமோ நோய்வாய்ப்பட்ட தாயைப் பின்கட்டில் அடைத்து வைத்து, "விருந்தாளி வருகிறார், வெளியே வராதே" என்கிறோம். அவமானம் நோயிலா இருக்கிறது? நமது நடத்தையிலல்லவா இருக்கிறது!

மற்றும், புத்தி தடுமாறினவர்களைக் கோயிலிலும், தர்காவிலும், மாதா கோவிலிலும் கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் நம்மிடத்தில் எல்லா மதத்தாரிடத்திலும் இருக்கிறது. இதன் பலனை 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் கண்டோம். தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்த ஒரு காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள், கொட்டகையில் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் வெந்து, 28 பேர் மாண்டார்கள். கட்டிப் போடுவது வைத்தியமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி, "வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான்" என்கிற படித்தவர்களின் மூடநம்பிக்கைக்கு வருவோம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கென்று விழிப்பது நோயின் மறதி. தூரத்து உறவினர் பெயர் சட்டென்று வராமலிருப்பது வயது. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது நோய். இந்த வித்தியாசம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். "மருந்தில்லாத நோய்க்கு டாக்டர் எதற்கு?" என்று கேட்பீர்கள். முதலாவது, மறதியெல்லாம் இந்நோயல்ல. தைராய்டுச் சுரப்பிக் கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு, தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுதல், மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவைகளாலும் மறதி வரும். இவைகளில் பலவற்றைச் சரிப்படுத்தலாம். சரிப்படுத்தக்கூடியதைத் தலையெழுத்தென்று விட்டுவிடுவது கொலைக்குச் சமானமாகும்.

இரண்டாவது, அல்சைமர் நோயாகவே இருந்தாலும், டோனெபெசில் போன்ற மாத்திரைகள் நோயை நிறுத்தாவிட்டாலும் சிலருக்குக் கொஞ்சகாலம் தெளிவு கொடுக்கின்றன. அமெரிக்காவில் 2023-ல் லெகானிமாப் என்ற மருந்தும், 2024-ல் டொனானிமாப் என்ற மருந்தும் அனுமதிக்கப்பட்டன. இவை அமிலாய்டுப் படிவை நீக்கி, ஆரம்ப நிலையிலிருப்பவர்களுக்கு நோயின் வேகத்தைச் சிறிது தணிக்கின்றன; ஆனால் மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாக்கக்கூடும்; விலையும் ஏழைக்கு எட்டாதது; குணப்படுத்துவதுமில்லை. ஆகையால் "முழுக் குணம்" என்று விளம்பரம் செய்யும் லேகியக்காரனையும், தாயத்துக்காரனையும், தைலக்காரனையும் ஒரே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள்.

மூன்றாவதாக ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இன்று திடீரென்று மிகவும் குழம்பினால், அது பழைய நோய் முற்றியதென்று உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீரில் கிருமி, காய்ச்சல், மலச்சிக்கல், உடம்பில் தண்ணீர் வற்றுதல் ஏதாவது இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். அப்படியே, கூச்சலிடுகிறார் என்பதற்காக மனநோய்க்குரிய அடக்கும் மாத்திரைகளை மளிகைச் சாமான் போல் வாங்கிக் கொடுக்காதீர்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவை மரண அபாயத்தை அதிகப்படுத்துகின்றன என்று அமெரிக்க அரசாங்கத்து மருந்து இலாகா 2005-லேயே எச்சரித்திருக்கிறது. டாக்டர் சொன்னாலன்றி, சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேல் கூடாது.

தோழர்களே! இனி வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதைச் சொல்லுகிறோம். முதல் விதி, வாதாடாதீர்கள். "இப்பொழுதுதானே சாப்பிட்டாய்!" என்று சொல்லி அவரை ஜெயித்து உங்களுக்கு என்ன லாபம்? "ஆகட்டும் அம்மா, உலை கொதிக்கிறது, அதற்குள் இந்த வாழைப்பழத்தைச் சாப்பிடுங்கள்" என்றால் சங்கதி தீர்ந்தது. பை காணோமென்றால், "நான் எடுக்கவில்லை" என்று சண்டை போடுவதை விட்டு, "வாருங்கள், இருவரும் தேடுவோம்" என்று கூடத் தேடுங்கள். "என் வீட்டுக்குப் போகவேண்டும்" என்றால், "இதுதான் உன் வீடு" என்று அதட்டாமல், கையைப் பிடித்துத் தெருக்கோடிவரை நடத்திக் கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வாருங்கள். அவர் கேட்பது சுவரும் கூரையுமல்ல, பயமில்லாத ஓரிடம். இரண்டாவது, பரீக்ஷை வைக்காதீர்கள். வருகிறவர்களெல்லாம் "நான் யார் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. "நான்தான் அத்தை, உங்கள் தம்பி மகன் வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொன்னால் என்ன குறைந்துபோய்விடும்? மூன்றாவது, குளிப்பது, உண்பது, படுப்பது எல்லாம் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கட்டும். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். கேஸ் அடுப்பின் குழாயை மூடி வையுங்கள். வழுக்கும் தரையையும் கிணற்றுப் பக்கத்தையும் கவனியுங்கள். சட்டைப் பையிலோ முந்தானையிலோ பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு எப்பொழுதும் இருக்கட்டும். நோய் முற்றினால் விழுங்குவது கஷ்டமாகும். படுக்கவைத்துச் சோறு ஊட்டாமல் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. அவர்களுக்குச் சம்பவம் மறந்துபோகும். சம்பவத்தினால் உண்டான மனநோவு அதனோடு கூடவே மறைந்துவிடுவதில்லை. காலையில் நீங்கள் வைததை அவர் மறந்துவிடுவார். ஆனால் ஏனென்று தெரியாமலே அன்று பகலெல்லாம் அஞ்சி ஒடுங்கியிருப்பார். ஞாபகம் போனதனால் மானம் போய்விடவில்லை. பத்துப்பேர் முன்னிலையில் துணியை மாற்றினால் அவருக்குக் கூசும். சுயமரியாதை என்பது படித்தவனுக்கும் திடசாலிக்கும் மட்டும் உரிய சொத்தல்ல. தன் பெயரை மறந்தவனுக்கும் அது உண்டு என்பதுதான் நமது கொள்கை.

நிற்க. இவ்வளவையும் சொன்னோமே, இதையெல்லாம் யார் செய்வது? இங்கு உட்கார்ந்திருக்கும் ஆண் தோழர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டதைப் பார்த்தோம். "போய் இவளிடம் சொல்லவேண்டும்" என்று உங்களில் சிலர் மனதுக்குள் நினைத்திருப்பீர்கள்! அங்கேதான் விஷயம் இருக்கிறது. உலகத்தில் மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் 100-க்கு 70 பங்கு பெண்களுடையது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. 2019-ல் இந்நோய்களால் உலகத்துக்கு ஆன செலவு 1 லட்சத்து 30 ஆயிரம் கோடி டாலர் என்றும், அதில் ஏறக்குறையப் பாதி, வீட்டாரும் வேண்டியவர்களும் கூலியில்லாமல் செய்யும் வேலையின் மதிப்பு என்றும் அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உலகத்துக் கணக்கே இப்படியென்றால் நமது வீடுகளின் கணக்கைக் கேட்கவேண்டுமா? இரவு மூன்று முறை எழுந்திருக்கிறவள் மருமகள். மலம் அள்ளுகிறவள் மருமகள். திருடிப் பட்டம் வாங்குகிறவள் மருமகள். "தாயை வைத்துக் காப்பாற்றுகிறான்" என்று ஊரில் பேர் வாங்குகிறவன் மட்டும் மகன்! இந்தக் கூலியில்லாத வேலைக்குத்தான் "கடமை", "புண்ணியம்", "பொறுமையில் பூமாதேவி" என்று அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய புண்ணியமானால் அதில் பாதியை ஆண்கள் ஏன் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை?

சட்டம் என்ன சொல்லுகிறது தெரியுமா? பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-ல் இந்திய சர்க்கார் இயற்றிய சட்டம், பராமரிக்கவேண்டிய பிள்ளைகள் என்று மகனையும், மகளையும், பேரனையும், பேத்தியையும் சொல்லிற்று, மருமகளைச் சொல்லவில்லை. சட்டம் மகன்மீது வைத்த பாரத்தை மகன் எடுத்துத் தன் பெண்சாதி தலையில் வைத்துவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறான். "பெற்ற தாயை மகன் குளிப்பாட்டுவதா?" என்கிறார்கள். ஏன் கூடாது? இவனைக் குளிப்பாட்டியவள் அவள்தானே! ஆஸ்பத்திரியில் ஆண் நர்சு செய்தால் தொழில், வீட்டில் மகன் செய்தால் கேவலமா? தாய்க்கு ஆண் கை கூச்சமாயிருந்தால் மகள் செய்யட்டும். சமையலையும் துணி துவைப்பதையும் இரவு விழிப்பதையும் மகன் செய்யட்டும்.

மகள் என்றவுடன், "கட்டிக் கொடுத்த வீட்டில் கை நனைக்கலாமா?" என்று இன்னொரு சாஸ்திரம் குறுக்கே வரும். 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டிலேயே பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று நமது இயக்கம் தீர்மானித்தது. 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் தேசம் முழுவதிலும் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடொத்த பங்கு சட்டமாயிற்று. சொத்தில் சமபங்கு உண்டென்றால் பொறுப்பிலும் உண்டு. பெற்றோர் மகள் வீட்டில் இருப்பதில் இழுக்கொன்றுமில்லை.

சொத்தென்றதும் மற்றொரு அக்கிரமம் ஞாபகம் வருகிறது. இந்நோய் கண்ட கிழவரைப் பத்திர ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கைநாட்டு வாங்கும் உத்தமப் புத்திரர்கள் இருக்கிறார்கள். தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத புத்திநிலையில் இருப்பவர் செய்த ஒப்பந்தம் செல்லாதென்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் சொல்லுகிறது. ஆகையால் நோய் ஆரம்பத்தில், அறிவு தெளிவாக இருக்கும்போதே, அவரையே கேட்டு, அவர் இஷ்டப்படி, உயில், பென்ஷன், பாங்கிக் கணக்கு இவைகளை ஒழுங்கு செய்துகொள்ளவேண்டும். அவருக்கு வந்த நோயை அவரிடமே மறைத்துவிட்டு மற்றவர்கள் கூடி முடிவு செய்வது யோக்கியமாகாது.

பராமரிக்கிறவளும் மனுஷிதான் என்பதை மறக்காதீர்கள். மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், வெளியே போகாமல், நல்ல வார்த்தை ஒன்று கேளாமல் இருந்தால், அவளுக்கு மனச்சோர்வு வரும், இரத்தக் கொதிப்பு வரும், ஒருநாள் ஆத்திரமும் வரும். அந்த ஆத்திரம் வந்தவுடன் அவளை ராக்ஷசி என்பதும், அது வருவதற்கு முன் அவளைத் தெய்வம் என்பதும் இரண்டும் அயோக்கியத்தனமே. அவள் தெய்வமுமல்ல, ராக்ஷசியுமல்ல; ஓய்வு வேண்டிய மனுஷி. மனம் நொந்தவர்கள் கூச்சமில்லாமல் பேசுவதற்கு 14416 என்றும், முதியோர் சம்பந்தமான உதவிக்கு 14567 என்றும் சர்க்கார் டெலிபோன் நம்பர்கள் இருக்கின்றன. இந்நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவ 1992-ல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கம் பல நகரங்களில் கிளைகள் கண்டிருக்கிறது. சென்னைக் கிண்டியில் முதியோருக்கென்றே ஒரு தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. ஆனால் இவையெல்லாம் தேவைக்குக் கடுகளவே. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய்களில் ஏதாவதொன்று இருப்பதாக 2023-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்யப் பணம் சேர்க்கிற ஊர், தன் கிழவர்கள் பகலில் வந்து உட்கார ஒரு கூடம் கட்டப் பணம் சேர்க்காதா?

இன்னொரு முக்கிய விஷயம். 2024-ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகை நியமித்த நிபுணர் குழு, 14 காரணங்களைக் கவனித்தால் உலகத்து மறதி நோய்களில் ஏறக்குறையப் பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இடமிருக்கிறதென்று சொல்லிற்று. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை, அதிகக் குடி, தலைக்காயம், காது கேளாமை, கண் தெரியாமை, தனிமை முதலியவைகளோடு, இளமையில் கல்வியில்லாமையும் ஒரு காரணம் என்று அக்குழு சொல்லுகிறது. தோழர்களே, இதைச் சற்று யோசியுங்கள்! நமது தேசத்து ஆராய்ச்சியும், இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கும் அதிகம் என்கிறது. யாரைப் படிக்கக்கூடாதென்று மனுதர்மம் தடுத்ததோ, எந்தப் பெண்ணை அடுப்பங்கரையோடு நில் என்றதோ, அவர்களுடைய கிழ வயதின் மூளைவரைக்கும் அந்த அநியாயம் தொடர்ந்து வந்து தீண்டுகிறது. ஆகையால் பெண்ணைப் படிக்கவைப்பது அவளுடைய உத்தியோகத்துக்கு மட்டுமல்ல, எழுபதாவது வயதில் அவள் அறிவு நிலைப்பதற்கும் செய்யும் வைத்தியமாகும். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் திட்டம் 2021 முதல் நமது மாகாணத்தில் இருக்கிறது. வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். காது கேட்காத பெரியவருக்குக் கருவி வாங்கிக் கொடுங்கள்; அவரைக் கூட்டத்துக்கும் வாசகசாலைக்கும் அழைத்து வாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. தாய் இறந்த பிறகு கருமாதிக்கும், வருஷந்தோறும் திதிக்கும், காக்கைக்குச் சோறு வைப்பதற்கும் கடன் வாங்கியாவது செலவு செய்கிற மகனைப் பார்க்கிறோம். செத்தவளுக்கு ஞாபகமிருக்கும், பசியிருக்கும் என்று நம்புகிறவன், உயிரோடிருப்பவளுக்கு மறதியிருக்கும், பயமிருக்கும் என்று நம்ப மறுக்கிறான். திதிச் செலவை நிறுத்தி அந்தப் பணத்தில் பகலில் உதவிக்கு ஓர் ஆளை அமர்த்துங்கள். இந்தச் சங்கத்தாருக்கும் நமது வேண்டுகோள் இதுதான்: உங்கள் ஊரில் இப்படிப்பட்ட நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளைக் கணக்கெடுங்கள்; ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஓர் அரை நாள் முறை வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்; அந்த அரை நாளில் அந்தப் பெண் தூங்கட்டும், தாய் வீட்டுக்குப் போகட்டும், சினிமா வேண்டுமானாலும் பார்க்கட்டும்; எங்கே போனாய் என்று யாரும் கேட்கவேண்டாம். திண்ணையில் ஒரு கிழவி "எனக்குச் சோறு போடவில்லை" என்று அழுதால், தீர்ப்புச் சொல்லாமல் உள்ளே போய், "உனக்கு என்ன உதவி வேண்டும், அம்மா?" என்று மருமகளைக் கேளுங்கள். இதைச் செய்தால் நோய் குணமாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நோய்க்கு இரண்டு பேர் பலியாகிற கொடுமை நிற்கும். அதற்கு டாக்டரும் வேண்டியதில்லை, கடவுளும் வேண்டியதில்லை. நீங்கள் மனது வைத்தால் போதும்.